இலையடியில் முட்டையிடும் மலைத் தவளை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நுவரெலியாவைச் சுற்றியுள்ள மேகக்காடுகளில் ஒரு சிறு பச்சைத் தவளை வாழ்கிறது. அறிவியல் பெயர் சூடோஃபிலாட்டஸ் ஃபெமொராலிஸ். தமிழில் இதற்கென்று நிலைத்த பெயர் எதுவும் இல்லாததால், இங்கே ‘இலைக்கூட்டுத் தவளை’ என்று எழுதுகிறேன். மலையகத்தில் இதைப் பற்றிப் பேச்செடுத்தால் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. சிலவற்றுக்கு ஒரு வரி போதும், சிலவற்றுக்கு ஒரு பக்கமும் போதாது.

பார்க்க எப்படி இருக்கும்?

பச்சை முதுகு, வெளிறிய வயிறு, ஒடிசலான கால்கள். விரல் நுனிகளில் வட்டமான ஒட்டுத் தட்டுகள் இருக்கும். ஈரமான வழுவழுப்பான இலையில் தலைகீழாகத் தொங்கவும் அவை போதும். முதிர்ந்த தவளையின் உடலே ஏறத்தாழ மூன்று சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். பகலில் காலை மடக்கி இலையோடு ஒட்டிப் படுத்துவிட்டால், ஒரு சாண் தூரத்தில் நின்று தேடுபவர் கண்ணுக்கும் தப்பிவிடும். தேடிக் கிடைக்காதவர்கள் “இங்கே தவளையே இல்லை” என்று சொல்லிப் போவது மலைக்காட்டில் வழக்கமான காட்சிதான்.

எங்கே வாழ்கிறது?

இலங்கையின் மத்திய மலைத்தொகுதியில் மட்டும். ஹோர்ட்டன் சமவெளி, ஹக்கல, நுவரெலியா ஆகியவற்றைச் சுற்றியுள்ள உயர்ந்த ஈரக்காடுகள் இதன் வீடு. நுவரெலியா நகரமே கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஹோர்ட்டன் சமவெளி 2,100 மீட்டருக்கும் மேலே. சனவரி, பெப்ரவரி இரவுகளில் புல்லில் உறைபனி படியும் இடம் அது. அங்கே ஒரு தவளை ஆண்டு முழுவதும் குடியிருக்கிறது என்றால், கீழ்நாட்டுக்காரர்கள் கொஞ்சம் யோசித்துத்தான் நம்புவார்கள்.

புல்வெளி இதற்கு உகந்த இடம் அல்ல. குட்டையாகக் கோணலாக வளர்ந்து, பாசியும் மரவொட்டிச் செடிகளும் போர்த்திய மரங்களுக்கு அடியில் அடர்ந்திருக்கும் புதர்கள்தான் வேண்டும்.

குளமோ குட்டையோ இல்லாமல் எப்படி இனப்பெருக்கம் செய்கிறது?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. நியாயமான கேள்வியும்கூட. முட்டை, தலைப்பிரட்டை, வால் மறைந்த குட்டித் தவளை என்ற வரிசையைத்தான் பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறோம். அந்த வரிசைக்கு நீர்நிலை கட்டாயம். இந்தத் தவளையின் வாழ்க்கையிலோ நீந்தும் தலைப்பிரட்டை ஒரு நாளும் வருவதில்லை.

இருட்டத் தொடங்கியதும் ஆண் ஒரு புதரின் இலையில் அமர்ந்து அழைக்கும். பெண் வந்து சேர்ந்ததும், இரண்டும் இணைந்த நிலையில் இலையின் அடிப்பக்கத்தில் முட்டைகள் இடப்படும். பசைபோன்ற கூழ்மத்தால் அவை இலையில் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொன்றும் சில மில்லிமீட்டர் அளவு, அந்தச் சிறு உடலுக்குப் பெரிய முட்டைதான். உள்ளே மஞ்சட்கரு நிறைந்திருக்கும். அதுதான் கருவுக்கு முழு வளர்ச்சிக்கும் கட்டிக்கொடுத்த சோறு.

தலைப்பிரட்டைப் பருவம் முற்றிலும் காணாமல் போய்விட்டது என்று நினைத்துவிட வேண்டாம். அதன் சுருக்கம் முட்டைக்குள்ளேயே நடந்து முடிகிறது. வாய் வைத்து எதையும் மேயாமல், மஞ்சட்கருவை மட்டும் உறிஞ்சிக் கரு வளர்கிறது. கால்கள் வெகு சீக்கிரத்தில் முளைக்கின்றன. வாலும் உண்டு, ஆனால் அது நீந்துவதற்கானதல்ல. அகன்று, மெல்லிய சவ்வாக, இரத்தக் குழாய்கள் நிறைந்து முட்டையின் உட்சுவரோடு படிந்திருக்கும். கரு மூச்சுவிடுவது பெரிதும் அந்த வாலின் வழியாகத்தான். சில வாரங்கள் கழிந்ததும் சவ்வைக் கிழித்துக்கொண்டு வெளியே வருவது ஒரு முழுத் தவளை. ஒரு சென்டிமீட்டரைக்கூட எட்டாத அளவு, பின்னால் வாலின் மிச்சம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கலாம். வந்த வேகத்தில் இலையில் தாவிப் போய்விடும்.

உயிரியலில் இதை நேரடி வளர்ச்சி என்பார்கள். இலங்கையின் புதர்த் தவளைகளில் (இலைக்கூட்டுத் தவளை சேர்ந்த சூடோஃபிலாட்டஸ் பேரினத்தின் பொதுப் பெயர் அது) இது எப்படி நடக்கிறது என்பதை மொஹமட் பாஹிர், மாதவ மீகஸ்கும்புர, கெலும் மனமேந்திர ஆரச்சி, கிறிஸ்டோபர் ஷ்னைடர், ரொஹான் பெத்தியாகொட ஆகியோர் 2005ஆம் ஆண்டு ஒரு விரிவான ஆய்வில் பதிவுசெய்தார்கள்.

கிணற்றுத் தவளை என்று மனிதர்களைக் கேலி செய்கிறோமே, இந்தத் தவளைக்குக் கிணறும் வேண்டாம்.

இலையின் அடிப்பக்கம் எதற்கு? மேலே இட்டால் என்ன?

மேல்பக்கத்தில் வெயில் நேராக விழும், மழை அடித்துக்கொண்டு போகும். மேகக்காட்டில் ஓர் இலையின் அடிப்பகுதி வேறொரு உலகம். நிழல், குளிர்ச்சி, காற்றில் மிதந்துவரும் மூடுபனியின் ஈரம் எல்லாம் அங்கே தங்கும். தரையில் எறும்பும் பூரானும் சுற்றும், குளத்தில் மீனும் தும்பியின் இளவுயிரிகளும் காத்திருக்கும். அந்தக் கூட்டம் முழுவதிலிருந்தும் இலையடி கொஞ்சம் விலகியிருக்கிறது.

இதற்கு ஒரு விலையும் உண்டு. முட்டைக்கு ஓடு கிடையாது. சுற்றியுள்ள காற்று சில நாட்கள் காய்ந்துபோனாலும் அது வற்றிவிடும். குளத்தை விட்டுக்கொடுத்த இந்தத் தவளை அதற்கு ஈடாகப் பிடித்துக்கொண்டது பனிமூட்டத்தை. இதைப் பற்றிய மற்ற எல்லாக் கேள்விகளுக்கும் பதில் சுற்றிச்சுற்றி இங்கேதான் வந்து நிற்கும்: ஏன் இவ்வளவு உயரம், ஏன் காட்டுக்குள் மட்டும், ஏன் தேயிலைக்குள் இல்லை.

மலைநாட்டின் மற்றத் தவளைகளும் இப்படித்தானா?

இல்லை. ஒரே காட்டில் நாலைந்து விதமான வழிகள் உண்டு.

இதே சூடோஃபிலாட்டஸ் பேரினத்தின் பெரும்பாலான உறவினர்கள் மரத்திலிருந்து தரைக்கு இறங்கி முட்டையிடுகின்றன. ஆணை முதுகில் சுமந்தபடியே பெண் இறங்கி, ஈரமண்ணில் சிறு குழி பறித்து, முட்டைகளை இட்டு மண்ணோடு கலந்து மூடிவிடும். மண் ஒட்டிய முட்டை மண்ணுருண்டையாகவே தெரியும். தரையில் குழி பறிப்பதுதான் இந்தப் பேரினத்தின் பொது வழக்கம், இலையில் ஒட்டுவது ஒரு சிறு கிளையின் தனி வழக்கம். இரண்டிலும் நீந்தும் தலைப்பிரட்டை இல்லை.

தருகா ஈக்வெஸ் என்ற இன்னொரு மலைத் தவளை நீர்நிலைக்கு மேலே நுரைக்கூடு கட்டும். அதன் தலைப்பிரட்டைகள் நுரையிலிருந்து கீழே தண்ணீரில் விழுந்து வழக்கம்போல் வளரும். முதுகில் மணற்கடிகாரம்போன்ற கோலம் கொண்ட அந்தத் தவளையைச் சில வேளைகளில் வீட்டுத் தொட்டிக்கு அருகிலேயே காணலாம். நக்கிள்ஸ் மலைத்தொடரில் தட்டையான உடலோடு ஈரப்பாறை இடுக்குகளில் வாழும் நன்னோஃப்ரிஸ் மார்மொராட்டா உண்டு. பாறையில் வழியும் மெல்லிய நீர்ப்படலமே அதன் தலைப்பிரட்டைகளுக்குப் போதும். கல்லுக்குள் தேரைக்கும் படியளப்பான் என்று நம் பெரியவர்கள் சொல்வது அந்தத் தவளையைப் பார்த்துத்தானோ என்று எனக்குத் தோன்றும். அந்தத் தவளை இலங்கையைத் தாண்டி வேறெங்கும் இல்லாததால், சொன்னவர்கள் பார்த்திருக்க வாய்ப்புக் குறைவு.

தாய் முட்டைகளைக் காவல் காக்குமா?

காப்பதாகப் பதிவு இல்லை. இட்ட பிறகு விட்டுவிட்டுப் போய்விடும்.

இரவில் லயத்துக்கு (தோட்டக் குடியிருப்பு வரிசைக்கு)ப் பின்னால் ‘டிக், டிக்’ என்று கேட்கிறதே, அது இதுதானா?

பெரும்பாலும் இருக்காது. அந்தக் குரல் ஏதோ ஒரு புதர்த் தவளையுடையதாக இருக்கக்கூடும், ஏனென்றால் சொடுக்குப் போடுவதுபோன்ற குறுகிய ஒலிகள் இந்தப் பேரினத்துக்கே பொதுவானவை. பூச்சி என்று நினைத்துக் கடந்துபோகிற பல ஒலிகள் உண்மையில் தவளைகள்தான். ஆனால் இலைக்கூட்டுத் தவளை காட்டை ஒட்டி இருக்கும். உங்கள் லயத்துக்குப் பின்னால் தேயிலை மட்டுமே என்றால், அங்கே கத்துவது வேறு உறவினராக இருக்க வேண்டும்.

அழைப்பது ஆண்தான். நுணலும் தன் வாயால் கெடும் என்ற பழமொழி இங்கே அப்படியே பொருந்தும். பெண்ணை வரவழைக்கும் அதே குரல் பாம்பையும் வரவழைக்கலாம். ஆனாலும் கத்தாத ஆணுக்குச் சந்ததி இல்லை, அதனால் கத்தித்தான் ஆக வேண்டும்.

விஷமா? தொட்டால் கையில் மரு வருமா?

மனிதருக்குக் கேடு செய்யும் விஷம் இதனிடம் இல்லை. மரு வைரஸால் வருவது, அதற்கும் தவளைக்கும் தொடர்பில்லை. ஆபத்து மறுபக்கம்தான் இருக்கிறது. தவளை தோலாலும் மூச்சுவிடும், தோலாலேயே நீரை உறிஞ்சும். மருந்தடித்த கையோடு, அல்லது சவர்க்காரமும் கொசுவிரட்டித் தைலமும் பூசிய கையோடு அதைப் பிடித்தால், கையில் இருப்பது நேரே அதன் உடலுக்குள் போய்ச் சேரும். தொடாமல் பார்ப்பதே சரி.

தேயிலை மலையில் ஏன் வாழ முடியாது? அங்கும் பச்சைதானே?

கண்ணுக்குப் பச்சை, தவளைக்குப் பாலை. தேயிலைச் செடியை இடுப்பு உயரத்தில் தட்டையாக வைத்துக் கொழுந்து பறிக்கிறோம். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டியதும் அந்த மலைப்பக்கம் முழுவதும் குச்சியாக நிற்கும். மேலே கூரை இல்லாததால் நண்பகல் வெயில் தரைவரை இறங்குகிறது, காற்று தடையின்றி வீசுகிறது. மேகம் வந்தாலும் அதை வடித்துச் சொட்டவைக்கும் பாசி மரங்கள் இல்லை. இலையடியில் ஓடில்லாத முட்டையை ஒட்டிவிட்டுப் போகும் உயிருக்கு அங்கே எதுவும் மிஞ்சாது.

இதைத் தோட்டத் தொழிலாளர் மீதான குறையாக யாரும் படிக்கக்கூடாது. காட்டை வெட்டுவது என்ற முடிவை எடுத்தவர்கள் வேறு. அந்த முடிவுக்காகத் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டு, காட்டு வழியில் நடந்தும் நோயில் மடிந்தும் கோடரி பிடித்தவர்கள் நம் முன்னோர்.

ஒன்று மட்டும் சேர்க்க வேண்டும். பல தோட்டங்களில் ஓடையோரமும் பள்ளங்களிலும் இயற்கைக் காட்டின் துண்டுகள் இன்னும் நிற்கின்றன. விறகுக்கென்று ஒதுக்கிய காடுகளும் உண்டு. தேயிலை வரிசைகளைவிட அந்தத் துண்டுகள்தான் மலைத் தவளைகளுக்கு முக்கியம். உயரமான தோட்டங்களில் உச்சிக் காட்டோடு தொடர்ந்து நிற்கும் துண்டுகள் இன்னும் முக்கியம்.

வரலாறு என்ன? யார் முதலில் கண்டது?

1864ஆம் ஆண்டு, லண்டனில் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் பணியாற்றிய ஆல்பர்ட் குந்தர் இதை விவரித்து இக்ஸாலஸ் ஃபெமொராலிஸ் என்று பெயரிட்டார். அவர் எழுதியது புட்டியில் இருந்த மாதிரியைப் பார்த்து. அப்போது மலைநாட்டில் கோப்பிக்காலம். 1830களிலிருந்து மலைச்சரிவுகள் ஒன்றன்பின் ஒன்றாக எரிக்கப்பட்டுக் கோப்பி நடப்பட்டது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்டார். 1869இல் கோப்பி இலைத்துரு நோய் இலங்கையில் தலைகாட்டியது, பிறகு கோப்பி சரிந்து அந்த இடத்தைத் தேயிலை பிடித்தது.

1873இல் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர், 5,000 அடிக்கு மேலுள்ள மலைக்காடுகளைத் தொடாமல் விட வேண்டும் என்று பிரித்தானிய அரசுக்கு ஆலோசனை சொன்னார், அதன்படி உத்தரவும் வந்தது. 5,000 அடி என்பது ஏறத்தாழ 1,524 மீட்டர். ஹூக்கர் நினைத்தது ஆற்று நீரையும் மண்ணையும், தவளையை அல்ல. ஆனால் இலைக்கூட்டுத் தவளையின் வாழிடத்தை வரைபடத்தில் பார்த்தால், அது பெரும்பாலும் அந்தக் கோட்டுக்கு மேலேதான் கிடக்கிறது. யாருக்காகவோ போட்ட வேலி இதைக் காப்பாற்றியது என்பது என் கணிப்பு. கோட்டுக்குக் கீழே இருந்த பல உறவினர்களுக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை.

அப்படியானால் அற்றுப்போன தவளைகளும் உண்டா?

நிறைய. உலகளவில் அற்றுப்போனதாகப் பதிவான ஈரூடகவாழிகளில் ஏறத்தாழ பாதி இலங்கைத் தவளைகள், அவற்றில் மிகப்பெரும்பாலானவை இந்தச் சூடோஃபிலாட்டஸ் பேரினம். இவற்றில் பலவற்றை நமக்குத் தெரிந்ததே 19ஆம் நூற்றாண்டில் சேகரித்து ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் வைத்த மாதிரிகளால்தான். 1990களில் தொடங்கித் தீவு முழுவதும் நடந்த பெரிய கள ஆய்வில் புதிய இனங்கள் ஏராளமாகக் கிடைத்தன. 2002இல் ‘சயன்ஸ்’ இதழ் இலங்கையை ஈரூடகவாழிகளின் செழிப்பிடமாக அறிவித்த கட்டுரையை வெளியிட்டது. ஆனால் புட்டியில் இருந்த பழைய முகங்கள் பல காட்டில் கிடைக்கவே இல்லை. பழைய சீட்டுகளில் ‘சிலோன்’ என்று மட்டும் எழுதியிருக்கும். எந்த மலை, எந்த ஆறு என்று ஒரு சொல் இருக்காது. எங்கே போய்த் தேடுவது?

ஆனாலும் தேடியவர்கள் சிலவற்றைக் கண்டுபிடித்தார்கள். இலங்கையிலேயே பிறந்த மருத்துவர் எட்வர்ட் ஃபிரெட்ரிக் கெலார்ட் 1853இல் நுவரெலியாவிலிருந்து விவரித்த சூடோஃபிலாட்டஸ் ஸ்டெல்லாட்டஸ், உடலெங்கும் நட்சத்திரப் புள்ளிகள் தெளித்த பச்சைத் தவளை. அதன் பிறகு ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக யாரும் அதைக் காணவில்லை, மூல மாதிரியும் தொலைந்துவிட்டது. 2009இல் மெண்டிஸ் விக்கிரமசிங்கவின் குழு சிவனொளிபாதமலைக் காட்டில் அதை மீண்டும் கண்டது. 2013இல் ஆய்வு வெளியானது. அதே ஆண்டு அதே மலைக்காட்டிலிருந்து எட்டுப் புதிய புதர்த் தவளைகளையும் அந்தக் குழு விவரித்தது. ஆண்டுதோறும் இலட்சக்கணக்கானோர் விளக்கொளியில் படியேறும் மலை அது. பாதைக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பதை அந்தக் கூட்டத்தில் யார் பார்த்தார்கள்?

இந்தியாவிலும் இந்தத் தவளை உண்டா?

இது இல்லை. பேரினத்தின் வேர் அங்கிருந்து வந்தது. சுமார் மூன்று கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு மூதாதை நிலப்பாலம் வழியாக இந்தியாவிலிருந்து வந்து, இந்தத் தீவின் மலைகளில் கிளைத்துப் பெருகியது என்று மரபணு ஆய்வுகள் சொல்கின்றன. மிகப் பிந்திய காலத்தில் ஒரு கிளை திரும்ப இந்தியாவுக்குப் போயிருக்கிறது, அதன் சந்ததி மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கிறது.

இலங்கைக்குள்ளேயே கிளைத்த விதமும் சுவையானது. இலைக்கூட்டுத் தவளையின் நெருங்கிய உறவினர் இரண்டு 2005இல் விவரிக்கப்பட்டன. ஒன்று நக்கிள்ஸில், பெயர் மூரோரம். மற்றது றக்குவானை மலையில், பெயர் பொப்பியே. மூன்று மலைத்தொகுதி, மூன்று தவளை. இடையில் உள்ள தாழ்ந்த, வெப்பமான பள்ளத்தாக்குகளைப் பனிமூட்டத்தை நம்பி வாழும் ஒரு சிறு உயிர் எளிதில் கடக்காது. ஒவ்வொரு மலையும் அதற்கு ஒரு தனித் தீவு.

இப்போது உள்ள ஆபத்து என்ன?

அழியும் ஆபத்தில் உள்ள இனமாகவே இது கருதப்படுகிறது. ஹோர்ட்டன் சமவெளி 1988இல் தேசியப் பூங்கா ஆனது. 2010இல் சிவனொளிபாதமலைக் காடு, நக்கிள்ஸ் ஆகியவற்றோடு சேர்த்து யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. ஆகவே கோடரி ஓரளவு தள்ளி நிற்கிறது. ஆனால் பூங்காவின் எல்லைக்கு வெளியே மரக்கறித் தோட்டங்கள் காட்டை அரித்துக்கொண்டே வருகின்றன, அவற்றில் அடிக்கும் மருந்து காற்றோடும் ஓடையோடும் போகிறது.

பூங்காவுக்குள்ளேயும் ஒரு கவலை. பல பத்தாண்டுகளாக ஹோர்ட்டன் சமவெளியில் மரங்கள் நுனியிலிருந்து காய்ந்து கூட்டங்கூட்டமாகச் சாகின்றன. காரணம் பற்றி ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. நீர்ப்பற்றாக்குறை, மண்ணின் தன்மை, காற்று மாசு என்று பல சொல்லப்படுகின்றன. மரம் பட்டால் கூரையில் ஓட்டை விழும், ஓட்டை வழியே வெயில் வரும், புதர் காயும். எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது வெப்பம். பூமி சூடாகச் சூடாக மேகம் படியும் உயரமும் மேலே ஏறும். கீழ்மலையில் இருக்கும் உயிர் மேலே ஏறித் தப்பலாம். இந்தத் தவளை ஏற்கெனவே உச்சியில்தான் இருக்கிறது. இலங்கையின் மிக உயர்ந்த சிகரமான பீதுருதாலகாலவே 2,524 மீட்டர், அதற்கு மேல் போக மலை இல்லை.

நெலு பூத்துச் சாகும் ஆண்டுகளில் இதற்குப் பாதிப்பு உண்டா?

நல்ல கேள்வி. நெலுச் செடிகள் மேகக்காட்டின் அடிப்புதரில் பெரும்பங்கு. பல ஆண்டுகள் இலையோடு மட்டும் நின்று, ஒரே காலத்தில் பூத்து, விதைவிட்டு, ஒன்றாகச் செத்துவிடும். 2013இல் ஹோர்ட்டன் சமவெளியில் பூத்ததைப் பார்க்கக் கூட்டம் அலைமோதியது. பூ முடிந்த பிறகு காட்டின் கீழ்த்தளம் வெறிச்சோடிவிடும். புதரின் இலையில் முட்டையிடும் தவளைக்கு அது கடினமான காலமாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். காடு பரந்து கிடந்த நாளில், ஒரு பகுதி வெறிச்சோடினாலும் பக்கத்துப் பகுதி தாங்கியிருக்கும். துண்டுக் காட்டில் பக்கத்துப் பகுதி என்று ஒன்று இல்லை.

பிடித்துக் கொண்டுபோய் வீட்டில் வளர்க்கலாமா?

கூடாது. சட்டப்படியும் தவறு. ஆய்வுக்குப் பிடிப்பதற்கும் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். கண்ணாடிப் பெட்டிக்குள் பனிமூட்டத்தை வைக்க முடியாது என்பது வேறு காரணம்.

ஹோர்ட்டன் சமவெளிக்குப் போனால் பார்க்க முடியுமா?

உறுதி சொல்ல மாட்டேன். சாதாரண அனுமதிச் சீட்டு பகலுக்கு மட்டும், தவளை விழிப்பது இரவில். ‘உலக முடிவு’ என்ற செங்குத்துப் பள்ளத்தைப் பார்க்க விடியலிலேயே ஓடுபவர்கள் காட்டுக்குள் நுழையும் பகுதிகளில் நடையைக் குறைத்தால் வாய்ப்புக் கூடும். பாதையை விட்டு இறங்காமல், கிளையை வளைக்காமல், கண்மட்டத்திலும் இடுப்பு மட்டத்திலும் உள்ள அகன்ற இலைகளின் அடியைக் குனிந்து பாருங்கள். தவளை கிடைக்காவிட்டாலும் ஒளி ஊடுருவும் முட்டைக் கொத்து கண்ணில் படலாம். இலையைத் திருப்பாதீர்கள், பறிக்காதீர்கள்.

படம் எடுத்தால் எதையெல்லாம் குறித்துவைக்க வேண்டும்?

முதுகை மட்டும் எடுத்தால் போதாது. பச்சைப் புதர்த் தவளைகள் ஒன்றுக்கு மேற்பட்டவை, முதுகை வைத்துப் பிரிக்க முடியாது. பக்கவாட்டு முகம், கண், தொடையின் உட்புறம் (தெரிந்தால்), விரல்கள் ஆகியவை படத்தில் வரட்டும். ஃபிளாஷை முகத்துக்கு நேரே அடிக்க வேண்டாம். தேதி, நேரம், ஏறத்தாழ உயரம், காடா ஓடையோரமா தோட்ட எல்லையா என்பது, தரையிலிருந்து எத்தனை அடி உயரத்தில் இருந்தது, மழையா பனியா, குரல் கேட்டிருந்தால் கைப்பேசியில் அரை நிமிடப் பதிவு. முட்டைகள் என்றால் எந்தச் செடி என்பதையும் எழுதுங்கள். பொதுவெளியில் பகிரும்போது துல்லியமான இடத்தைப் போடாமல் பிரதேசத்தின் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள், ஏனென்றால் அரிய தவளைகளை விலைக்குத் தேடுபவர்களும் அதே படங்களைப் பார்க்கிறார்கள். துல்லிய இடத்தைப் பல்கலைக்கழக விலங்கியல் துறை ஒன்றுக்குத் தனியே அனுப்பினால் அவர்களுக்குப் பயன்படும்.